அம்சவள்ளி எப்போது சாப்பிடுவாள்

செவ்வாய்க்கிழமைகளில் அம்சவள்ளியின் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு முழங்கையை மடக்கி வைத்துக்கொண்டுதான் வருவார்கள். மடக்கிய கைக்குள் பஞ்சு இருக்கும். எதிரே உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் அவர்கள். இனிச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் போய் ரத்தம் கொடுக்க வேண்டும். கடை நடப்பது அந்த இரண்டு மணி நேரத்தை நம்பித்தான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் ரோட்டில், மலை ஏற்றம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது கடை. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு கேஸ் அடுப்பு, பின்பக்கம் ஒரு விறகடுப்பு. அதற்கும் பின்னால் அவளும் கணவன் வீரமுத்துவும் குடியிருக்கும் ஒற்றை அறை. இட்லி, பூரி, டீ. செவ்வாயன்று மட்டும் கேழ்வரகு தோசை. அவள் இட்லியை ஆகா என்று சொல்கிறவர்கள் உண்டு. பசியோடு இருக்கிறவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இட்லி சுமார்தான். சாம்பார் சில நாள் நன்றாக அமைந்துவிடும், ஏன் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அவள் யாரையும் அவசரப்படுத்த மாட்டாள். இரண்டு மணி நேரம் உட்கார இடம் கிடைப்பது அந்த ரோட்டில் சின்ன விஷயம் இல்லை.

வருகிறவர்கள் அந்தச் சோதனையைப் பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரிதான் நினைத்தார்கள். சங்கராபுரம் பக்கத்துக் கரும்பு விவசாயி தனசேகரன் அதில் தேர்ந்தவர்.

“ஒரு இட்லி போதும், அம்சா.”

“ஒண்ணா? வூட்ல எத்தன துன்னுவீங்க?”

“அது வூட்ல. இன்னிக்கி பரிச்ச இல்ல?”

“பரிச்ச உங்களுக்கா, உங்க ரத்தத்துக்கா?”

“ரெண்டும் ஒரே வூட்லதான குடியிருக்குது. சட்னிய தாராளமா ஊத்து. தேங்காய யாரும் கண்டுக்க மாட்டாங்க.”

இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்து, எண்ணைத் தெரிந்துகொண்டு, சிரித்த முகத்தோடு திரும்பி வருவார். “பாஸ்!” என்று சொல்லிவிட்டு ஒரு செட்டு பூரி கேட்பார். டாக்டரைச் சந்தோஷப்படுத்திவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருக்கும். அம்சவள்ளி சிரித்துக்கொண்டே பூரியைப் போட்டுக் கொடுப்பாள். தன்னுடைய எண் அவருடையதைவிட எவ்வளவோ மோசம் என்று அவள் சொன்னதில்லை.

அவள் நைனார்பாளையத்துக்காரி. கல்யாணம் ஆன புதிதில் வீரமுத்து கரும்பு வெட்டும் கூட்டத்தில் இருந்தான். ஆலை ஓடும் மாதங்களில் கூட்டம் ஊர் ஊராகப் போகும். வெட்டுகிறவர்களுக்குச் சமைக்க ஓர் ஆள் வேண்டும் என்று அவளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வயல் ஓரத்தில் மூன்று கல், ஒரு அண்டா. கரும்பு வெட்டிவிட்டு வருகிறவனின் பசி வேறு மாதிரியானது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடலாம் என்று முதல் சில நாள் காத்திருந்து பார்த்தாள். அண்டாவில் தீய்ந்த அடிதான் இருந்தது. அதற்குப் பிறகு கிளறும்போதே ஒரு வாய், வடிக்கும்போதே ஒரு வாய் என்று போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். தட்டு எடுக்க வேண்டியதில்லை, உட்கார வேண்டியதில்லை. அந்தப் பழக்கம் அவளோடு வளர்ந்தது. வீரமுத்துவின் முட்டி தேய்ந்து அவன் அரிவாளைக் கீழே வைத்தபோது அவள் இந்தக் கடையைப் போட்டாள். அண்டா போய் இட்லிப் பானை வந்தது. அவள் சாப்பிடும் முறை மட்டும் மாறவில்லை.

விடிவதற்கு முன்பே சாம்பாரை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்ப்பாள். முதல் ஈட்டில் தட்டில் ஒட்டிக்கொண்ட இட்லி அவள் வாய்க்குப் போகும். உடைந்த பூரி, மிஞ்சிய உருளைக்கிழங்கு மசால், டீ போடும்போதெல்லாம் அரை டம்ளர். சாயங்காலம் போண்டா மாவில் உப்பு சரியா என்று ஒரு போண்டா. இரவு பாத்திரம் கழுவும்போது, வீணாகப் போகிறதே என்று மீதிச் சோறு. இதில் எதையும் அவள் சாப்பாடு என்று நினைத்தது கிடையாது. சாப்பாடு என்பது தட்டில் போட்டு, உட்கார்ந்து, முடித்துக் கை கழுவுவது. அது மற்றவர்கள் செய்வது.

நைனார்பாளையத்தில், அவளுடைய சொந்தத்திலேயே கட்டிக்கொடுத்த மகள் அபிநயா தினமும் காலையில் போன் செய்வாள். எடுத்ததும் கேட்பாள்.

“சாப்ட்டியாம்மா?”

“ஆச்சு.”

தொண்டை அரித்தால் இருமல் வருகிற மாதிரி, அந்தக் கேள்விக்கு அந்தப் பதில் வரும். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை.

சர்க்கரை இருப்பது நாலு வருஷத்துக்கு முன்னால் தெரிந்தது. தாகம் தாகமாக எடுத்தது. அடுப்பு முன்னால் நிற்பதால் என்று நினைத்திருந்தாள். எதிரே முகாம் போட்டபோது, ஆள் சேரவில்லை என்று இவளையும் கூப்பிட்டு விரலில் குத்தினார்கள். மாத்திரை தந்தார்கள். சின்ன மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். பெரிய வெள்ளை மாத்திரை சாப்பிட்ட பிறகு.

ஒழுங்காகத்தான் ஆரம்பித்தாள். ஒரு நாள் சின்ன மாத்திரையைப் போட்டுக்கொண்ட நேரத்தில் மலைப் பஸ்ஸும் தடுப்பூசிக்கு வந்த தாய்மார்களும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். அவள் வாயில் ஒரு பருக்கை போடவும் நேரமில்லை. வெயில் ஏறியபோது உடம்பெல்லாம் வேர்த்தது. கை நடுங்கிக் கரண்டி கீழே விழுந்தது. வீரமுத்து கத்திய கத்தலில் எதிரே இருந்து நர்ஸ் ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். கண் தெளிந்ததும் திட்டினார்.

“மாத்திர போட்டா கண்டிப்பா சாப்புடணும். சாப்புட முடியலன்னா போடக் கூடாது. புரிஞ்சுதா?”

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. அன்றிலிருந்து அம்சவள்ளி அந்தச் சொல்லை மீறவில்லை. உட்கார்ந்து சாப்பிடப் போகிறோம் என்றால் மாத்திரை போட வேண்டும். அவள் உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஆகவே போடவில்லை. நாளைக்குச் சாப்பிடலாம், அப்போது போட்டுக்கொள்ளலாம் என்று அட்டைகளைப் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்தாள்.

மாதா மாதம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிற தன்னார்வலர் தமிழ்ப்ரியா கடை இருக்கும் ஊர்ப் பெண். “ஒழுங்கா போடறீங்களா அத்த?” என்று கேட்பாள்.

“நீங்க சொன்ன மாரியேதான் பண்ணிக்கினு இருக்கேன்.”

அதிலும் பொய் இல்லை. அவள் சொன்னதை நம்பி டாக்டர் இரண்டு தடவை மாத்திரையைக் கூட்டினார். எண் இறங்கவில்லை.

போன கார்த்திகையில் மலைப் பஸ்ஸின் பலகை அவளுக்குப் படிக்க வரவில்லை. பழைய பலகை, எழுத்து அழிந்துவிட்டது என்று நினைத்தாள். பிறகு தேங்காய்ச் சட்னிக் கிண்ணத்தில் விழுந்திருந்த எறும்பை ஒரு வாடிக்கைக்காரர் காட்டித்தான் பார்த்தாள். அந்தச் செவ்வாய் அவள் ரத்தத்தைப் பார்த்த டாக்டர், இளைஞர், சீட்டை இன்னொரு தடவை படித்தார்.

“முந்நூத்தி எம்பது. இதுக்கு மேல மாத்திரைய ஏத்த முடியாதும்மா. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா ஊசிதான். கண்ண கள்ளக்குறிச்சியில காட்டிடுங்க. கடையையும் கொஞ்ச நாள் விட்டுட்டு ஓய்வா இருக்க முடியுமான்னு பாருங்க.”

கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். வீரமுத்து அதை அப்படியே மகளிடம் சொல்லிவிட்டான். அபிநயா மறுநாளே பஸ் ஏறி வந்தாள்.

“கண்ணு போனப்புறம் யாருக்கு இட்லி சுடுவ? அடுத்த மாசமும் இதே நம்பர்னா கடைய மூடிட்டு ரெண்டு பேரும் எங்க வூட்டுக்கு வந்துடணும். சத்தியம் பண்ணு.”

“பண்றேன் போ.”

செய்துவிட்டாள். மகள் வீடு நல்ல வீடு. மருமகனும் நல்லவன். ஆனால் கரும்பு வயல் அடுப்பு கூட்டத்தின் அடுப்பு. மகள் வீட்டு அடுப்பு மகளுடையது. அவள் இஷ்டத்துக்கு அணைக்கவும் பற்றவைக்கவும் இருந்த ஒரே அடுப்பு இதுதான். காலையில் எழுந்து, யாருக்கும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பதை அவளால் கற்பனை செய்ய முடியவில்லை.

அந்த வாரமே தமிழ்ப்ரியா வந்து, அட்டைகளைக் காட்டுங்கள் என்றாள். அம்சவள்ளி டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். மூடி திறந்ததும் அட்டைகள் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தன.

“அத்த, இது இன்னா?”

“மாத்திர.”

“அது தெரியுது. வயித்துல இருக்க வேண்டியது டப்பால இன்னா பண்ணுது?”

“சாப்புட்டாத்தான போடணும்? நர்சம்மா சொன்னாங்களே.”

“நீங்க சாப்புடறதே இல்லியா?”

“உக்காந்து எங்க சாப்புட்டேன்?”

தமிழ்ப்ரியா அவளை மேலிருந்து கீழே பார்த்தாள். அம்சவள்ளி நல்ல கனமான உடம்புக்காரி. அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பாத்தா அப்படித் தெரிலியே அத்த,” என்றாள். பிறகு மாவு அரைத்துக்கொண்டிருந்த வீரமுத்துவிடம் கேட்டாள். “மாமா, அத்த சாப்புடறாங்களா இல்லியா?”

“அவளா? எப்பப் பாத்தாலும் எதையாச்சும் மென்னுகினுதான் இருப்பா.”

அம்சவள்ளி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கணவன் சொன்னது உண்மை, அவள் சொன்னதும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்கும் என்று எடுத்துச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. சாக்குச் சொல்கிறாள் என்று தமிழ்ப்ரியா முடிவு செய்தாள். டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்று எச்சரித்துவிட்டுப் போனாள்.

அடுத்த செவ்வாய் விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது.

வெள்ளிமலைக்கு மேலே ஒரு குக்கிராமத்திலிருந்து கரியனும் அவர் மனைவி பொன்னாயியும் முதல் பஸ்ஸில் இறங்கினார்கள். சர்க்கரை பொன்னாயிக்குத்தான். கரியன் துணை. சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். மூன்று வருஷமாக மாதம் தவறாமல் வருகிறார்கள். ஆனால் அம்சவள்ளியின் கடையில் அவர்கள் சாப்பிட்டதே இல்லை. தூக்குப் போசியில் சாமைச் சோறு கொண்டுவந்து, ஆஸ்பத்திரி வளாகத்துப் புங்க மரத்தடியில் சாப்பிடுவார்கள். அன்று மரத்தடி முழுவதும் தண்ணீர். மழை அவசரத்தில் போசியையும் பஸ்ஸிலேயே விட்டுவிட்டார்கள். ரத்தம் கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கடைக்குள் வந்தார்கள்.

அம்சவள்ளி இலையைப் போட்டு இட்லி வைத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. கை காய இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

“இன்னும் வெக்கட்டாண்ணே?”

“வேணாம்.”

“தண்ணி அங்க இருக்குது, கை கழுவிக்கோங்க.”

“நீ சாப்புடு தங்கச்சி.”

“நானா?”

“போட்டவங்க சாப்புடாம நாங்க கை கழுவ மாட்டோம். எங்க வூட்ல அப்படித்தான்.”

“இது வூடு இல்லண்ணே, கட.”

“எலையில போட்டது நீதான?”

அம்சவள்ளி பொன்னாயியைப் பார்த்தாள். பொன்னாயி உதட்டைப் பிதுக்கினாள். “சொன்னா கேக்காது இது. எங்க கல்யாணத்துல சமையக்காரன் எங்கியோ தூங்கப் போய்ட்டான். அவன் வந்து சாப்புடற வரைக்கும் மாப்பிள்ள எச்சக் கையோட உக்காந்துகினு இருந்துச்சி. ஊரே சிரிச்சுது.”

“நீங்க கழுவலாமேக்கா.”

“நான் மட்டும் எழுந்தா அதுக்கு வேற பேச்சு கேக்கணும்.”

தனசேகரன் தலையில் துண்டோடு நனைந்தபடி உள்ளே வந்தார். பெஞ்சு இரண்டும் நிறைந்திருந்தது. காலி இலை முன்னால் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்தது.

“யோவ் பெரியவரே, சாப்புட்டாச்சு இல்ல? எழுந்திருங்க. எனக்கு இன்னிக்கி பரிச்ச.”

“அந்தம்மாவ சாப்புடச் சொல்லுங்க, எழுந்துக்கறேன்.”

“நான் அப்புறமா சாப்புடுவேங்கண்ணே,” என்றாள் அம்சவள்ளி.

“எப்ப?”

கரியன் அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அம்சவள்ளி யோசித்துப் பார்த்தாள். கூட்டம் குறைந்ததும் என்று சொல்லலாம். கூட்டம் குறைந்தால் பாத்திரம் இருக்கும். மத்தியானம் என்று சொல்லலாம். மத்தியானம் அவள் சாயங்காலத்து மாவைக் கரைப்பாள். அவள் வீரமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள். அவனும் அவளுடைய பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். முப்பது வருஷத்தில் தன் மனைவி தட்டு முன்னால் உட்கார்ந்த ஒரு நேரத்தை நினைத்துப் பார்க்க முயல்கிறவனைப் போல அவன் நெற்றி சுருங்கியிருந்தது.

டீக்காக ஒதுங்கியிருந்த தமிழ்ப்ரியா மூலையிலிருந்து மெதுவாகக் கேட்டாள். “மாமா, அன்னிக்கி நான் கேட்டப்ப இன்னா சொன்னீங்க?”

வீரமுத்து கிரைண்டரை நிறுத்தினான். ஒரு தட்டைக் கழுவி எடுத்துவந்தான். “உக்காரு அம்சா,” என்றான்.

“எப்படி உக்கார்றது? சின்ன மாத்திர அர மணி முன்னாடி இல்ல போடணும்?”

தமிழ்ப்ரியா தலையில் கை வைத்துக்கொண்டாள். அம்சவள்ளி சொன்னது சாக்கு இல்லை என்று அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் விளங்கியது. மழையிலேயே எதிரே ஓடினாள். டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னாள். மருந்தே உள்ளே போகாமல் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறோம் என்று கேட்டு அவரும் திகைத்திருக்கிறார். கூட்டிய அளவு வேண்டாம், முதலில் கொடுத்த ஒன்றிலிருந்தே ஆரம்பிக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். தமிழ்ப்ரியா சொட்டச் சொட்ட வந்து, டப்பாவிலிருந்து ஒன்றைப் பிதுக்கிக் கொடுத்தாள். அம்சவள்ளி தண்ணீர் குடித்தாள்.

“இப்ப அர மணி,” என்றாள் தமிழ்ப்ரியா.

“இருக்கேன்,” என்றார் கரியன்.

“அர மணியா!” என்றார் தனசேகரன். ஆனால் அவரும் போகவில்லை. வெளியே மழை. பெஞ்சின் ஓரத்தில் பாதி உடம்பை வைத்துக்கொண்டார்.

காத்திருக்கும் நேரத்தில் அம்சவள்ளி வேலையைப் பார்த்தாள். ஒரு பூரி உடைந்தது. உடைந்த துண்டு தானாக அவள் வாய்க்குப் போனது.

“ஏ!” என்றார் கரியன்.

எல்லோரும் திரும்பினார்கள். அம்சவள்ளி துண்டை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் சாம்பாரைக் கிண்டி உள்ளங்கையில் ஊற்றினாள்.

“ஏ!” இந்தத் தடவை கடையே கத்தியது.

டீ போட்டு அரை டம்ளரைத் தனக்கு ஒதுக்கினாள். “ஏ!” இட்லித் தட்டைச் சுரண்டினாள். “ஏ!” முதலில் எல்லோருக்கும் விளையாட்டாகத்தான் இருந்தது. அவளும் சிரித்தாள். போகப் போக அவள் முகத்தில் சிரிப்புப் போய் ஆச்சரியம் வந்தது. தன் கை தன்னைக் கேட்காமல் இத்தனை தடவை வாய்க்குப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. யாருடைய கையையோ பார்ப்பதுபோலக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எப்போதும் மெல்லுகிறாள் என்று கணவன் சொன்னதும், உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை என்று அவள் சொன்னதும் அந்த அரை மணியில் அங்கிருந்த எல்லோருக்கும் ஒன்றாகவே புரிந்தன. மனிதர்கள் ஒருவரை ஒருவர் இவ்வளவு நேரம் கவனித்துப் பார்ப்பது அரிது. மழை பெய்யாவிட்டால் அன்றும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நேரம் ஆனதும் தனசேகரனே எழுந்து இடம் விட்டார். வீரமுத்து மூன்று இட்லி வைத்துச் சாம்பார் ஊற்றினான். ஊற்றத் தெரியாமல் தட்டு விளிம்பு வரை வழிந்தது.

அம்சவள்ளி தன் கடைப் பெஞ்சில் அதுவரை உட்கார்ந்ததில்லை. அங்கிருந்து பார்த்தால் கடை வேறு மாதிரி இருந்தது. அடுப்புக்கு மேலே சாமான் வைக்கும் பலகையின் அடிப்புறம் முழுவதும் கரி. இத்தனை வருஷமாக வருகிறவர்கள் எல்லோரும் இதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டிருக்கிறார்கள். மெதுவாகப் பிட்டு வாயில் வைத்தாள். இரண்டாவது வாய்க்கு நிறுத்தினாள்.

“சாம்பார்ல உப்பு ஜாஸ்தி.”

“அப்பாடா!” என்றார் தனசேகரன். “நாங்க இத்தன வருசமா சொல்லிக்கினு இருக்கோம்.”

“எங்க சொன்னீங்க?”

“மனசுல.”

அவள் முடிக்கும் வரை யாரும் எழுந்திருக்கவில்லை. முடித்ததும் பெரிய மாத்திரையையும் போட்டுக்கொண்டாள். கரியன் எழுந்து, மழைத் தண்ணீரிலேயே கையை நீட்டிக் கழுவினார். பொன்னாயியும் கழுவினாள். பெரிதாக எதையோ செய்துவிட்டோம் என்ற எண்ணம் இருவருக்கும் இல்லை. பொன்னாயியின் இரண்டாவது ரத்தத்துக்கு நேரம் நெருங்குகிறது என்று வேகமாகப் போனார்கள்.

ஒரு நாள் உட்கார்ந்து சாப்பிட்டதால் யாருக்கும் வியாதி இறங்காது. மறுநாள் காலையில் அம்சவள்ளி பழையபடிதான் நின்றாள். வீரமுத்துதான் விடவில்லை. மலைப் பஸ் புறப்பட்டுப் போனதும் கடையில் ஒரு சிறிய இடைவெளி விழும். அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டான். அதற்கு அரை மணி முன்னால் சின்ன மாத்திரையை எடுத்து நீட்டுவான். பஸ் போனதும் அடுப்பைத் தணிப்பான். யாராவது வந்தால், “ஓனர் சாப்புடறாங்க, உக்காருங்க,” என்பான். அதைச் சொல்வதில் அவனுக்கு ஒரு கம்பீரமே வந்துவிட்டது. இரவிலும் அப்படியே, பாத்திரம் கழுவுவதற்கு முன்னால் இருவருக்கும் தட்டு.

ருசி பார்க்கும் வேலையையும் அவனே எடுத்துக்கொண்டான். அதில் அவனைப் பாராட்ட ஒன்றும் இல்லை. பீடி குடித்துக் குடித்து அவன் நாக்கு எப்போதோ மரத்துப்போயிருந்தது. ஒரு நாள் சாம்பாரில் உப்பே இல்லை, மறுநாள் புளி தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டியவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதால் கடை பிழைத்தது.

தமிழ்ப்ரியா மற்ற வீடுகளிலும் கேள்வியை மாற்றிக் கேட்க ஆரம்பித்தாள். மாத்திரை போட்டீர்களா என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை மணிக்கு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்றாள். பல பெண்கள் அதற்குச் சிரித்தார்கள். சிலர் யோசித்தார்கள். அதனால் எத்தனை பேருக்குக் குறைந்தது என்று யாரும் பார்க்கவில்லை. கேள்வி முன்பைவிடச் சரியான கேள்வி என்று மட்டும் சொல்லலாம்.

அடுத்த சோதனைச் செவ்வாயன்று அம்சவள்ளி சாம்பாரைத் தொட்டு நக்காமல், உண்மையாகவே வெறும் வயிற்றோடு ரோட்டைக் கடந்தாள். ரத்தம் கொடுத்துவிட்டு, கையை மடக்கிக்கொண்டு, தன் கடைக்கே வாடிக்கைக்காரியாக வந்து உட்கார்ந்தாள். தினமும் சாப்பிடும் மூன்று இட்லியைக் கேட்டாள்.

“ஒண்ணோட நிறுத்திக்கோ,” என்று தனசேகரன் காதருகே ரகசியமாகச் சொன்னார். “நான் சொல்றேன் கேளு. கடையே போய்டும்.”

அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரு இட்லியோடு எழுந்தால் எண் இறங்கும், கடை நிற்கும், மகளுக்குச் செய்த சத்தியமும் நிற்கும். கண்ணுக்கு எதிரே மலைப் பஸ்ஸின் பலகை இன்னும் மங்கலாகத்தான் தெரிந்தது.

“பஸ் பலகய என்னால படிக்க முடியல,” என்றாள். “டாக்டர ஏமாத்திட்டு நான் எங்க போய் படிக்கறது?”

மூன்றையும் சாப்பிட்டாள். தனசேகரன் தன் ஒற்றை இட்லியைப் பார்த்தார். அன்று அதை அப்படியே விட்டுவிட்டு இன்னும் மூன்று கேட்டார் என்று எழுத ஆசைதான். அவர் கேட்கவில்லை. ஒன்றோடுதான் எழுந்தார், வழக்கம்போல பாஸ் ஆனார்.

அம்சவள்ளியின் சீட்டைப் பார்த்து டாக்டர் சொன்னார். “எரநூத்தி பத்து. இது போதாதும்மா. இன்னும் எறங்கணும். ஆனா மருந்து வேல செய்யுது. ஊசி இப்ப வேணாம்.”

“கட?”

“கடைக்கு இன்னா?”

“மூடணுமா?”

“அத ஏன் மூடணும்? எங்க ஆளுங்கல்லாம் எங்க போய் டீ குடிக்கிறது?”

அடுத்த வாரம் வீரமுத்து அவளைக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனான். கண்ணுக்குள் சொட்டு விட்டுப் பார்த்தார்கள். சர்க்கரையால் கொஞ்சம் தொந்தரவு இருக்கிறது, இனியும் கட்டுக்குள் வைத்தால் போதும், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள். பார்வை மங்கலில் பாதி கண்ணாடியோடு சரியாகிவிட்டது. கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி அவள் வட்ட முகத்துக்குப் பொருந்தவில்லை. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. கண்ணாடியோடு முதலில் செய்த காரியம், அடுப்புக்கு மேலே இருந்த பலகையின் அடிப்புறத்துக் கரியைச் சுரண்டியதுதான்.

மறுநாள் காலை அபிநயா போன் செய்தாள். எண் இறங்கியதைச் சோதனை அன்றே அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். கடையை மூடும் பேச்சை எடுக்கவில்லை. எப்போதும்போலத்தான் தொடங்கினாள்.

“சாப்ட்டியாம்மா?”

அம்சவள்ளி நிமிர்ந்து பார்த்தாள். மலைப் பஸ் கடைசி ஆளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுக்கொண்டிருந்தது. பஸ்ஸின் நெற்றிப் பலகையில் இருந்த ஊர்ப் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தாள். வீரமுத்து அடுப்பைத் தணித்துவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“இல்லம்மா,” என்றாள். “மாத்திர போட்டுட்டேன். இன்னும் பத்து நிமிசம் இருக்குது.”